கதை தெரிந்தால்தான் என்ன என்கிறவருக்கு

வீடியோ கேம் ஒன்றின் டெமோ வெளியாகிறது. ஒருவர் அதை விளையாடாமல் அதன் கோப்புகளைப் பிரித்து மேய்கிறார். முழு விளையாட்டில் யார் சாகப்போகிறார், கூட இருந்தே குழி பறிப்பது யார், கடைசியில் எதிரே வந்து நிற்பது யார் என்பதெல்லாம் வசனமாகவும் படமாகவும் குரல் பதிவாகவும் உள்ளே கிடக்கின்றன. அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே சொல்லிவிடுகிறார். இதில் என்ன தப்பு என்று கேட்டு நண்பர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். தப்பு இல்லை என்பதோடு நிறுத்தியிருந்தால் கடந்துபோயிருப்பேன். இது நம் மரபுக்கே உகந்த காரியம் என்று சொல்லி, சாட்சிக்கு மதுரையைக் கூப்பிட்டிருக்கிறார். மதுரைக்காரனாக இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பெயர் இங்கே தேவையில்லை. இதே வாதத்தைப் பேசுகிறவர்கள் இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

அவருடைய துருப்புச் சீட்டு நாடகம். வள்ளியை முருகன்தான் கட்டுவான் என்று தெரிந்தேதான் நம் பாட்டனும் பூட்டனும் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்தார்கள். அரிச்சந்திரன் கடைசிவரை பொய் சொல்ல மாட்டான் என்று தெரிந்தேதான் மயான காண்டத்துக்குக் காத்திருந்தார்கள். முடிவு தெரிந்தால் சுவை கெடும் என்பது வெள்ளைக்காரனிடமிருந்து வந்த வியாதி, நமக்கு அது கிடையாது. இதுதான் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு ஸ்பெஷல் நாடகத்தையாவது விடியும்வரை உட்கார்ந்து பார்த்தவர் இப்படி எழுத மாட்டார்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கியவர். அவர் எழுதிக்கொடுத்த கதைகளைத்தான் மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் கோயில் திருவிழாக்களில் இன்றும் ஸ்பெஷல் நாடகமாகப் போடுகிறார்கள். நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்ல. நாரதர் ஓர் ஊர், வள்ளி ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். அன்று ராத்திரிக்கென்று தனித்தனியாகப் பேசி வரவழைக்கிறார்கள். கூடி ஒத்திகை பார்ப்பது கிடையாது. நேரே மேடையில்தான் சந்திப்பு. தினைப்புனத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் யார் எதைக் கேட்பார், யார் எப்படி மடக்குவார் என்பது கூட்டத்துக்கும் தெரியாது, கேட்கப்படுகிறவருக்கும் தெரியாது. சில ராத்திரி அது மணிக்கணக்கில் போகும். நோட்டீஸில் நாடகத்தின் பெயரைவிட நடிகர்களின் பெயர் பெரிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான். கதையைப் பார்க்க யாரும் அங்கே போகவில்லை. அந்த நாரதருக்கும் அந்த வள்ளிக்கும் இன்றைக்கு என்ன நடக்கப்போகிறது என்று பார்க்கத்தான் போனார்கள். அது எந்தக் கோப்பிலும் இல்லை. பிரித்து எடுக்கவும் முடியாது. தெரிந்த கதையை வைத்துக்கொண்டு தெரியாத ஒன்றை ராத்திரி முழுக்கக் காப்பாற்றிய கலையைக் கூப்பிட்டு, தெரியாததே நமக்கு வேண்டாம் என்று சாட்சி சொல்ல வைக்கிறார் நண்பர்.

சரி, நாடகம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காத மதுரைக்காரர் உண்டா? அழகர் மலையிலிருந்து வருவார், மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்குவார், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு தங்கக் குதிரையில் வைகைக்கு வருவார், வண்டியூருக்குப் போவார், மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுப்பார். தங்கச்சி கல்யாணத்துக்கு நேரத்துக்கு வந்து சேர மாட்டார் என்பதுகூடப் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்த பிறகும் ஒன்றே ஒன்றை ஊர் மூடி வைத்திருக்கிறது: என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்குவார் என்பதை. பெட்டிக்குள் பல நிறத்தில் பட்டு இருக்கும், பட்டர் பார்க்காமல் கையை விடுவார், கைக்கு எது வருகிறதோ அதைச் சாத்துவார் என்பது ஊர் நம்பிக்கை. பச்சை வந்தால் நாடு செழிக்கும், சிவப்பு வந்தால் கலகம் என்று அந்த ஒரு நிறத்தின் மேல் ஒரு வருஷத்தையே ஏற்றி வைத்திருக்கிறோம். ஆற்று மணலில் ராத்திரி படுத்துக் கிடக்கிற சனத்திடம் போய், முருகன் வள்ளியைக் கட்டுவது உங்களுக்குத் தெரியும் அல்லவா, அதனால் பட்டு நிறத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று மைக் பிடித்துப் பாருங்கள். மரபு உங்களைத் திருப்பி அனுப்பும் விதத்தைப் பிறகு ஒரு கட்டுரையாக எழுதலாம்.

டெமோ என்பதே மேல்நாட்டுச் சரக்கு என்றும் எழுதியிருக்கிறார். சரக்கின் பெயர்தான் புதிது. சினிமாக் கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தை அவர் கையில் எடுத்ததே இல்லையா? மெல்லிய தாள், மங்கிய அச்சு, முன்பக்கத்தில் நாயகன் நாயகி, உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், அப்புறம் பாட்டுகள். கதைச் சுருக்கம் ஒன்றரைப் பக்கம் ஓடும். அண்ணன் ஜெயிலுக்குப் போவான், தங்கை தெருவில் நிற்பாள், மிராசுதார் மகன் ஊரை விட்டு ஓடுவான். சரியாக அந்த இடத்தில் நிற்கும். மீதியை வெள்ளித்திரையில் காண்க. தமிழன் கையில் முதன்முதலாக வந்த டெமோ அதுதான். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை அதை எழுதியவர் தீர்மானித்தார். 1952இல் பராசக்தியோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்கார இடம் இருந்தது. அங்கே ஓடிய படம் சுற்றுப்பட்டு டூரிங் டாக்கீஸ்களுக்குப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். முதல் வாரத்தில் டவுனுக்கு வந்து பார்த்தவனும், ஆறு மாதம் கழித்து ஊர்க் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்தவனும் அதே புத்தகத்தைத்தான் வாங்கினார்கள். இருவருக்கும் கதை அதே இடத்தில்தான் நின்றது. அந்த நியாயம் நண்பருக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படம் வந்தது. ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. ராஜன் என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடப்பதிலிருந்து படம் தொடங்குகிறது. மிச்சம் முழுவதும் யார் கொன்றது என்ற விசாரணை. பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, தெரிந்த புராணமும் இல்லை. ரசிகனை நாற்காலியில் பிடித்து வைக்க அந்த ஒரு கேள்வியை மட்டும் நம்பி ஒரு தமிழ் இயக்குநர் படம் எடுத்து எழுபது வருஷம் ஆகிவிட்டது. அதற்கும் முன்னால் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று மர்ம நாவல் படித்து வளர்ந்த கூட்டம் நாம். வாடகை நூலகத்தில் எடுத்த துப்பறியும் நாவலின் முதல் பக்கத்தில் கொலைகாரன் பெயருக்குப் பேனாவால் அடிக்கோடு போட்டு வைத்த புண்ணியவானைத் திட்டாத வாசகன் தமிழ்நாட்டில் இல்லை. வெள்ளைக்காரனிடமிருந்து தொற்றிய வியாதியாம்!

மரபு போகட்டும், தொழில்நுட்பத்துக்கு வருவோம். நண்பர் இதில் ரொம்ப உறுதியாக இருக்கிறார்: கோப்பை உள்ளே விட்டது கம்பெனியின் தப்பு, எடுத்தவன் மேல் குற்றம் இல்லை. பாதி உண்மை. 1993இல் டூம் விளையாட்டின் இலவசப் பகுதி வந்தபோது முதல் அத்தியாயத்துக்கான தரவு மட்டும்தான் அந்தக் கோப்பில் இருந்தது. தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது. மூன்றே வருஷத்தில் அதே கம்பெனி குவேக் என்ற விளையாட்டின் மாதிரி வட்டில் முழு விளையாட்டையும் பூட்டுப் போட்டு வைத்து விற்றது. பணம் கட்டினால் திறவுகோல் என்பது திட்டம். பூட்டை உடைத்துவிட்டார்கள். அந்தப் பாடத்தைக் கற்காத கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இன்றைய விளையாட்டு அப்படிக் கத்தரித்து எடுக்கிற துணி அல்ல. ஒரு பாத்திரத்தின் உருவம் பத்துக் காட்சிகளில் வரும். வசனங்கள் எல்லாம் ஒரே பெரிய அட்டவணையில் இருக்கும். ஒன்றைப் பிடுங்கினால் சம்பந்தமில்லாத இன்னொன்று முறிந்து விழும். டெமோவைத் தயாரிப்பவர்கள் முழு விளையாட்டை முடிக்கக் கண்விழித்துக்கொண்டிருக்கும் அதே ஆட்கள்தான். கதவை அடைக்கிறார்கள், அறையைக் காலி செய்ய நேரம் இருப்பதில்லை. 2016 அக்டோபரில் போகிமான் சன், மூன் விளையாட்டுகளுக்கு டெமோ வந்தபோது இதுதான் நடந்தது. முழு விளையாட்டு வர ஒரு மாதம் இருந்தது. டெமோவைப் பிரித்தவர்கள் புது உயிரினங்களை ஏறக்குறைய மொத்தமாக வெளியே இழுத்துப் போட்டார்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில் பிள்ளைகள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கூடவே வளர்த்து, அது கடைசியில் என்னவாக மாறும் என்று காத்திருக்கிற மூன்று குட்டிகளின் இறுதி உருவமும் அதில் உண்டு. எட்டு வயதுப் பிள்ளை ஆசையாக எதிர்பார்த்ததை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டு, கம்பெனி கதவைச் சரியாகப் பூட்டவில்லை என்கிறார்கள்.

கதவு திறந்து கிடந்தது கம்பெனியின் அசட்டை, சரி. அந்த அசட்டையால் நட்டப்பட்டது கம்பெனியா? சன், மூன் கோடிக்கணக்கில் விற்றது. அதை உண்டாக்கியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். அடி விழுந்தது அந்தப் பிள்ளைக்கு. நண்பரின் கட்டுரை முழுக்கக் கம்பெனி இருக்கிறது, ஹேக்கர் இருக்கிறார், தகவல் சுதந்திரம் இருக்கிறது. விளையாடுகிறவன் ஓர் இடத்தில்கூட இல்லை. சட்டத்தையும் இழுத்திருக்கிறார்: என் கணினியில் இறங்கியது என் சொத்து. நம் பதிப்புரிமைச் சட்டம் ஒரு மென்பொருள் எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் படிக்க இடம் கொடுக்கிறது, உண்மை. படித்ததில் கிடைத்த படத்தையும் வசனத்தையும் அச்சடித்து ஊருக்கு விநியோகிக்க இடம் கொடுக்கவில்லை. இதற்கு மேல் சட்டம் பேச எனக்கு ஆசையில்லை. நான் பேசுவது மரியாதையைப் பற்றி.

வேண்டாதவர் பார்க்காமல் இருந்துகொள்ளட்டும் என்ற அடுத்த வாதத்தைப் படித்ததும் ஒன்று தெரிந்தது. அவர் யூடியூபைச் சமீபத்தில் திறக்கவில்லை. முகப்புப் படத்தில் அந்தப் பாத்திரத்தின் முகம், அதைச் சுற்றி சிவப்பு வட்டம், வட்டத்துக்கு ஒரு மஞ்சள் அம்பு, பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் ஒருவர், கீழே கொட்டை எழுத்தில் இறந்தது இவரா என்று ஒரு கேள்வி. கேள்விக்குறி போட்டுவிட்டதால் சொல்லவில்லையாம். சாம்பார் வைப்பது எப்படி என்று தேடுகிறவர் முன்னாலும் அது வந்து நிற்கும், ஏனென்றால் போன வாரம் அவர் அந்த விளையாட்டின் பாட்டு ஒன்றைக் கேட்டிருப்பார். கண்ணை மூடிக்கொண்டு போனைத் திறக்கிற வித்தை எங்கே சொல்லித் தருகிறார்கள் என்று நண்பர் எழுதினால் உதவியாக இருக்கும்.

அப்படிப் பயப்படுகிறவர் முதல் நாளே விளையாடி முடிக்க வேண்டியதுதானே என்று ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். கட்டுரையிலேயே கேவலமான வரி அதுதான். பிளேஸ்டேஷனில் ஒரு புது விளையாட்டின் விலை 5,000 ரூபாய்க்குப் பக்கம். கோரிப்பாளையத்தில் நாலு பேராக அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பையனுக்கு அது ஒரு மாதச் சாப்பாட்டு மெஸ் கணக்கு. அவன் தள்ளுபடிக்குக் காத்திருப்பான், கை மாறிய வட்டுக்குக் காத்திருப்பான், சித்தப்பா மகன் முடித்துக் கொடுக்கட்டும் என்று காத்திருப்பான். அவனுக்கு விளையாட்டு ஒரு வருஷம் தள்ளித்தான் வந்து சேரும். டெமோ மட்டும்தான் காசில்லாமல் முதல் நாளே அவன் கைக்கு வருவது. ஊர்க் கொட்டகைக்காரனுக்கும் அதே இடத்தில் கதையை நிறுத்திய பாட்டுப் புத்தகக்காரர்களுக்கு இருந்த புத்தி, தகவல் சுதந்திரம் பேசுகிற நம் நண்பருக்கு இல்லை. சுதந்திரம் எல்லாம் முன்பதிவு செய்து வாங்க வசதி உள்ளவனுக்குத்தான்போல.

கடைசியாக ஆராய்ச்சி. 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டென்ஃபெல்ட் என்ற இருவர் நடத்திய ஆய்வைக் காட்டுகிறார். முடிவை முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கதையைப் படிக்கக் கொடுத்தால் வாசகர்கள் அதை இன்னும் அதிகமாக ரசிக்கிறார்கள் என்பது அதில் கிடைத்த முடிவு. வெள்ளைக்காரன் வியாதி என்று தொடங்கியவர் வெள்ளைக்காரன் ஆய்வில் வந்து முடிப்பதை ரசித்தேன். அந்த ஆய்வில் கொடுத்தது சிறுகதைகள். மாணவர்கள் ஆய்வுக்கென்று வந்து, கையில் கொடுத்ததைப் படித்தார்கள். யாரும் அந்தக் கதைக்காக இரண்டு வருஷம் காத்திருக்கவில்லை, உண்டியலில் காசு சேர்க்கவில்லை. 2015இல் ஜான்சன், ரோசன்பாம் என்ற வேறு இருவர் இதையே ஆராய்ந்தபோது முடிவு எதிர்ப்பக்கம் சாய்ந்தது: முன்பே தெரிந்த கதை அவ்வளவாகச் சுவைக்கவில்லை. அதை நண்பர் குறிப்பிடவே இல்லை. இரண்டையும் தள்ளி வைத்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சிறுகதையைப் படிக்கிறோம், வீடியோ கேமை விளையாடுகிறோம். எந்தக் கதவைத் திறப்பது, எவனை நம்புவது, யாரைக் காப்பாற்ற ஓடுவது என்று நம் கைதான் முடிவு செய்கிறது. துரோகி யார் என்று தெரிந்த கை வேறு மாதிரி நகரும். அவனிடம் ஆயுதம் கொடுக்காது, அவன் பேச்சைக் கேட்டு மனம் மாறாது. முடிவு தெரிந்ததும் கெட்டுப்போவது கடைசிப் பத்து நிமிஷம் அல்ல, அதற்கு முன்னால் உள்ள நாற்பது மணி நேரமும்தான்.

ஃபைனல் ஃபேண்டசி 7 ரீமேக்கையும் அவர் தனக்குச் சாதகமாகக் காட்டியிருக்கிறார். 1997இல் வந்த கதை, உலகத்துக்கே தெரியும், அப்புறமும் விற்றதே என்கிறார். அது வெறும் மறுபதிப்பாக இருந்தால் அவர் சொல்வது நிற்கும். அதைச் செய்தவர்கள் பழைய கதையை அப்படியே திருப்பிச் சொல்லவில்லை. எங்கே பழைய பாதையில் போகிறது, எங்கே விலகுகிறது என்ற சந்தேகம்தான் பழைய ரசிகனை இழுத்துப் பிடித்தது. டெமோ 2020 மார்ச்சில் வரும் முன்னே, 2019 டிசம்பரிலேயே கசிந்து, அதன் கோப்புகளைப் பிரித்து மேய்ந்தார்கள். கதை தெரிந்தவனுக்கும் தெரியாதது ஒன்று இருக்கும்படி செய்து வைத்த ஆளின் உழைப்பைத்தான் அங்கே கலைத்தார்கள். நம் நாரதரும் வள்ளியும் செய்கிற காரியத்தைத்தான் அந்த ஜப்பானியர்களும் செய்திருக்கிறார்கள் என்பதை நண்பர் கவனித்திருந்தால் கட்டுரையை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பார்.

இதற்காகத் தோண்டுகிறவர்கள் எல்லோரையும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. 2014இல் வந்த பி.டி. என்ற பயங்காட்டும் டெமோவை, அது கடையிலிருந்தே நீக்கப்பட்டுச் சில வருஷம் கழித்து, 2019இல் ஒருவர் பிரித்துப் பார்த்தார். விளையாடுகிறவர் கையில் டார்ச் கிடைத்த கணத்திலிருந்து அந்தப் பேய் உருவம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது என்று கண்டுபிடித்தார். விளையாடி முடித்தவர்களுக்கு அதைக் கேட்டு இரண்டாவது முறை வியர்த்தது. யாருடைய சுவையும் கெடவில்லை, கூடியது. விமர்சனத்தையும் இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். 2024 கடைசியில் படம் வந்து மூன்று நாளைக்கு யாரும் விமர்சனம் செய்யக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனார்கள். நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை, சரியாகத்தான் செய்தது. படம் குப்பை என்று முதல் காட்சி முடிந்ததும் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. குப்பை என்று சொல்லக் கொலைகாரன் பெயர் தேவையில்லை.

பெரிய கம்பெனி இந்த அடியைத் தாங்கும். டொராண்டோவில் ஒரு சிறு குழு செய்த வெண்பா என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன ஒரு குடும்பம். அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டு நைந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. எதை முதலில் போடுவது, எதை அடுத்து அடுக்குவது என்று விளையாடுகிறவர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லியில் தொடங்குகிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2023இல் வந்து அடுத்த ஆண்டே பாஃப்டா விருது வாங்கியது. அதன் பலம் முழுவதும் எந்த வருஷத்தில் எந்தச் சமையல், அப்போது மகன் என்ன சொல்கிறான் என்ற வரிசையில் இருக்கிறது. அவ்வளவு சின்ன விளையாட்டின் வசன அட்டவணையை முன்கூட்டியே எடுத்து ஒட்டிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? ஸ்டீம் என்ற இணையக் கடை நடத்தும் டெமோ திருவிழாக்களில் ஒரு தடவைக்கு ஆயிரத்துக்கு மேல் டெமோக்கள் வருகின்றன. அவற்றில் பல சிறு குழுக்கள் செய்தவை. விளம்பரத்துக்குக் காசில்லாதவர்கள், இந்தா, ஒரு வாய் சாப்பிட்டுப் பார் என்று கொடுப்பது அது. அடுப்படிக்குள் புகுந்து பாத்திரத்தைக் கவிழ்க்கிறவர்கள் பெருகினால், அந்த ஒரு வாயையும் கொடுக்க மாட்டார்கள்.

டெல்டாரூன் விளையாட்டின் முதல் அத்தியாயத்தை 2018இல் இலவசமாக வெளியிட்ட டோபி ஃபாக்ஸ் ரசிகர்களிடம் கேட்டது ஒன்றுதான்: 24 மணி நேரத்துக்கு இதைப் பற்றிப் பேசாதீர்கள். பூட்டுப் போடவில்லை, வழக்குப் போடுவேன் என்று மிரட்டவில்லை. தடையும் கிடையாது, தண்டனையும் கிடையாது. கேட்டார், அவ்வளவுதான்.

நம் நண்பரால் அதுகூட முடியவில்லை. பாருங்கள், ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்று நிரூபிப்பதற்காக, கட்டுரையின் நடுவில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மூன்று விளையாட்டுகளின் முடிவை வரிசையாகப் போட்டிருக்கிறார். அவருடைய வாதத்தை எதிர்ப்பவனும் படித்தால்தான் பதில் எழுத முடியும் என்பது அவருக்குத் தெரியும். அது துணிச்சல் இல்லை, அழிச்சாட்டியம். அடுத்த பதிப்பிலாவது அந்த மூன்று வரிகளை நீக்கிவிடுங்கள். தோண்டுகிற தம்பிகளே, நீங்கள் தாராளமாகத் தோண்டுங்கள். கிடைத்ததை முழு விளையாட்டு வெளியாகும்வரை வைத்திருங்கள். அதற்குப் பிறகும் தலைப்பில் போடாதீர்கள், முகப்புப் படத்தில் போடாதீர்கள். தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் தானே உள்ளே வந்து பார்த்துக்கொள்வார்.